முந்நூறு வார்த்தைக் கட்டுரையும் மனுநீதிச் சோழனும்

புனேயில் வேலை பார்க்கிறேன் என்று ஊரில் சொன்னால் முன்பெல்லாம் இரண்டே கேள்விதான் வரும். "ஓஷோ ஆசிரமம் இருக்கே, அங்கயா?" என்பது ஒன்று. "சப்பாத்திதானா தினமும்?" என்பது இன்னொன்று. 2024 மே மாதத்துக்குப் பிறகு மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது. "ரெண்டு பேரைக் கொன்னுட்டு கட்டுரை எழுதச் சொன்னாங்களே, அந்த ஊர்தானே?"

ஆமாம், அதே ஊர்தான். கல்யாணி நகர் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம்.

பாதி மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 மே 19, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு மேல், 17 வயதுப் பையன் ஒருவன் ஓட்டிவந்த போர்ஷே கார் முன்னால் போன மோட்டார் சைக்கிளில் மோதியது. அதில் போன இருவரும் இறந்துபோனார்கள். இரண்டு பேருக்கும் 24 வயது. மத்தியப் பிரதேசத்திலிருந்து ஐ.டி. வேலைக்காகப் புனே வந்தவர்கள். நம் பிள்ளைகள் பெங்களூருக்கும் புனேவுக்கும் போவது போலத்தான் வந்திருக்கிறார்கள்.

பையன் பப்பில் குடித்துவிட்டு வந்தான் என்றது போலீஸ். அன்றைக்கே, பதினைந்து மணி நேரத்துக்குள், சிறார் நீதி வாரியத்தில் ஜாமீன் கிடைத்தது. நிபந்தனைகள்: சாலை விபத்து பற்றி 300 வார்த்தையில் ஒரு கட்டுரை எழுத வேண்டும், போக்குவரத்துப் போலீசாருடன் பதினைந்து நாள் இருந்து விதிகளைப் படிக்க வேண்டும், மனநல ஆலோசனைக்குப் போக வேண்டும்.

நாடே கொந்தளித்தது. மூன்றே நாளில் வாரியம் உத்தரவை மாற்றி, பையனை எரவாடாவில் உள்ள கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பியது. ஜாமீன் கொடுத்த பிறகு இப்படி அடைத்து வைத்தது சட்டப்படி செல்லாது என்று ஜூன் 25 அன்று மும்பை உயர்நீதிமன்றம் அவனை விடுவித்தது. வாரியத்தின் இரண்டு உறுப்பினர்களை அக்டோபரில் மாநில அரசு பதவியிலிருந்து நீக்கியது. பையனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்க வேண்டும் என்ற போலீஸ் மனுவை 2025 ஜூலையில் வாரியம் நிராகரித்தது. ஒவ்வொரு முறையும் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்ஆப் குழு கொதித்து அடங்கும்.

அந்தக் குழுவில் அதிகம் வந்து விழுந்தது யார் தெரியுமா? மனுநீதிச் சோழன்!

*

ஆச்சரியமில்லை. நமக்கு நீதி என்றாலே திருவாரூர்தான். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலேயே அவருக்குச் சிலை இருக்கிறது. கதையும் அச்சு அசலாகப் பொருந்துகிறது பாருங்கள். பெரிய இடத்துப் பையன், வேகமான தேர், குறுக்கே வந்த ஒரு கன்று, ஆராய்ச்சி மணி அடிக்கும் தாய்ப்பசு. பரிகாரம் செய்துவிட்டால் போதும் என்று மந்திரிகள் சொல்ல, ராஜா கேட்கவில்லை. மகனைத் தேர்க்காலில் இட்டார்.

"அந்த மாதிரி ஒரு அப்பா இங்கே இல்லையே" என்று ஒரு நண்பர் எழுதினார். இங்கே நடந்ததாகப் போலீஸ் சொல்வது நேர் எதிர். சசூன் அரசு மருத்துவமனையில் பையனின் ரத்த மாதிரியை எடுத்து வீசிவிட்டு வேறு ரத்தத்தை வைத்தார்கள் என்று குற்றச்சாட்டு. டாக்டர்கள் கைதானார்கள். கார் ஓட்டியது தான்தான் என்று ஒப்புக்கொள்ளும்படி குடும்ப டிரைவரை மிரட்டினார்கள் என்று இன்னொரு வழக்கு. அப்பா, அம்மா, தாத்தா என்று வீட்டுப் பெரியவர்கள் எல்லோருமே கைதானார்கள். இதில் எது உண்மை என்பதைக் கோர்ட்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் மனுநீதிச் சோழன் கதையை நிதானமாக யோசித்தால் ஒன்று இடிக்கிறது. மணி அடித்தது பசு. அதற்கப்புறம் கதையில் பேசுவது, தவிப்பது, சாவது எல்லாம் ராஜாவும் மந்திரியும் மகனும். பசுவை யாரும் "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்கவில்லை. கடைசியில் சிவபெருமான் வந்து கன்றையும் எழுப்பிவிட்டதால் அந்தக் கேள்வி நமக்குத் தோன்றாமலே போய்விட்டது.

கல்யாணி நகரில் யாரும் எழுந்து வரப்போவதில்லை. அதனால் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். முந்நூறு வார்த்தைக் கட்டுரையில் எனக்குப் பட்ட கோளாறு இதுதான். தண்டனை லேசாக இருந்ததா கடுமையாக இருந்ததா என்பதற்கு முன்னால், இறந்த இருவரின் பெற்றோர் அதில் எங்கேயுமே இல்லை. அந்தக் கட்டுரையை யாருக்காக எழுதுவது, யார் படிப்பது? பையனுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே ஒரு ஹோம்வொர்க், அவ்வளவுதான்.

*

இந்த இடத்தில் கொஞ்சம் சட்டம். (நான் வக்கீல் இல்லை, பி.காம். படித்த பேங்க் ஆபீசர். தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.)

தப்பு செய்த பிள்ளைகளைப் பெரியவர்களோடு சேர்த்து ஜெயிலில் போடக்கூடாது என்பது நேற்று வந்த யோசனை இல்லை. இந்தியாவில் இதற்கு முதலில் தனிச்சட்டம் போட்டது நம் சென்னை மாகாணம்தான், 1920 சென்னைச் சிறுவர் சட்டம். வங்காளம், பம்பாய் எல்லாம் பிறகுதான். செங்கல்பட்டு சீர்திருத்தப் பள்ளி அதற்கும் மூத்தது.

2000ஆம் வருடச் சட்டம் பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி 18 வயது என்று வரம்பு வைத்தது. 2012 டிசம்பர் டெல்லி கொடூரத்துக்குப் பிறகு 2015இல் புதுச் சட்டம் வந்தது. 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவர் "கொடிய குற்றம்" செய்திருந்தால், வாரியம் பரிசீலித்துப் பெரியவராக விசாரிக்க அனுப்பலாம். கொடிய குற்றம் என்றால் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருடமாவது இருக்க வேண்டும். மரணம் விளைவித்த குற்றத்துக்கு அப்போதிருந்த 304ஆம் பிரிவில் அப்படிக் குறைந்தபட்சம் எதுவும் இருக்கவில்லை.

2016இல் டெல்லியில் 18 வயது ஆக நாலே நாள் இருந்த ஒரு பையன் மெர்சிடிஸ் கார் ஓட்டி ஒருவர் இறந்தார். இதே கேள்வி உச்சநீதிமன்றம் வரை போய், 2020 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சத் தண்டனை ஏழு வருடம் என்று இல்லாத குற்றம் இந்தச் சட்டத்தில் "கொடிய குற்றம்" ஆகாது. ஆகவே, புனே வாரியம் பணத்துக்கு மயங்கிப் பையனைச் சின்னப் பையன் ஆக்கிவிட்டது என்று நண்பர்கள் சொல்லும்போது, இந்தத் தீர்ப்பையும் நினைவில் வைக்க வேண்டும்.

சிறார் வாரியம் என்ன செய்யலாம்? புத்தி சொல்லி அனுப்பலாம். ஆலோசனைக்கு அனுப்பலாம். சமூக சேவை செய்யச் சொல்லலாம். அபராதம் போடலாம். நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். கடைசியாக, மூன்று வருடம் வரை சிறப்பு இல்லத்தில் வைக்கலாம். பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனால் பாதிக்கப்பட்டவரை எதிரே உட்காரவைத்து அவர் பேச்சைக் கேட்பதற்கென்று அதில் தனி ஏற்பாடு கிடையாது.

*

வேறு சில நாடுகளில் இருக்கிறது. ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ் என்கிறார்கள். சீரமைப்பு நீதி என்று வைத்துக்கொள்வோம்.

1974இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், எல்மைரா என்ற சின்ன ஊரில், இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே ராத்திரியில் 22 இடங்களில் சேதம் செய்தார்கள். கார் டயரைக் கிழித்தது, கண்ணாடியை உடைத்தது இப்படி. நன்னடத்தை அதிகாரி ஒருவர் நீதிபதியிடம் ஒரு யோசனை சொன்னார். இவர்கள் அந்த வீடுகளுக்கெல்லாம் போய்க் கதவைத் தட்டி, "நாங்கள்தான் செய்தோம்" என்று சொல்லட்டும், நஷ்டத்தைக் கேட்டு அடைக்கட்டும். நீதிபதி ஒப்புக்கொண்டார். இருவரும் வீடு வீடாகப் போனார்கள், சில மாதத்தில் பணத்தைக் கட்டினார்கள். அதில் ஒருவர் பின்னாளில் இந்த வேலைக்கே தொண்டராக வந்தார்.

1989இல் நியூசிலாந்து இதைச் சிறார்களுக்கான சட்டமாகவே ஆக்கியது. பையன், அவன் குடும்பம், பாதிக்கப்பட்டவர், போலீஸ் எல்லோரும் ஒரே அறையில் உட்காருவார்கள். மாவோரி மக்களின் குடும்பக் கூட்டம் என்ற வழக்கத்திலிருந்து எடுத்த முறை. அங்கே கேட்கப்படும் கேள்விகள் கோர்ட் கேள்விகள் இல்லை. யாருக்கு அடிபட்டது? அவருக்கு என்ன தேவை? அதைச் செய்யும் பொறுப்பு யாருடையது?

கேட்கும்போது இதுவும் மிருதுவாகத்தான் தெரியும். என் வேலையிலிருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். பேங்கில் கடன் தள்ளுபடி வேறு, கடனை மறுசீரமைப்பது வேறு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் சலுகைதான். மறுசீரமைப்பில் கடன் வாங்கியவர் எதிரே உட்கார்ந்து, "ஆமாம், இவ்வளவு தர வேண்டும்" என்று முதலில் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் தவணை, காலக்கெடு எல்லாம். கையெழுத்து இல்லையென்றால் பேச்சே கிடையாது. தள்ளுபடியில் அவர் பேங்க் பக்கம் வரக்கூட வேண்டாம்.

சீரமைப்பு நீதியிலும் முதல் கையெழுத்து "நான்தான் செய்தேன்" என்பது. அதனால்தான் ரத்தம் மாற்றிய குற்றச்சாட்டு என்னை மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உறுத்துகிறது. அது உண்மையென்றால், பையனைக் காப்பாற்றுகிறோம் என்று பெரியவர்கள் அவனிடமிருந்து அந்த ஒரு வாக்கியத்தைப் பிடுங்கிவிட்டார்கள்.

*

எங்கள் குடியிருப்பில் நடந்த ஒரு சின்ன விஷயம். பெயர், விங் எதுவும் சொல்லப்போவதில்லை.

தமிழ்க் குடும்பம் ஒன்றின் பதினைந்து வயதுப் பையன் அம்மாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வளாகத்துக்குள்ளேயே ஓட்டினான். திருப்பத்தில், வீட்டு வேலைக்கு வரும் மாவ்ஷி மேல் இடித்தான். (இங்கே வேலைக்கு வரும் அம்மாக்களை மாவ்ஷி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவார்கள்.) அவர் கீழே விழுந்தார், மணிக்கட்டில் எலும்பு முறிவு. பையன் பயந்து வண்டியை நிறுத்தாமல் பேஸ்மென்ட்டுக்கு ஓட்டிப் போய்விட்டான்.

அவன் அப்பா நல்ல மனிதர். அன்றைக்கே எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மருந்து எல்லாச் செலவையும் ஏற்றுக்கொண்டார். கமிட்டி கூட்டத்தில் "பில் கட்டியாச்சு, விஷயத்தை முடிச்சுக்கலாம்" என்று பேச்சு வந்தது. கமிட்டியில் நானும் இருந்தேன். ஓய்வு பெற்ற மராத்தி ஆசிரியை ஒருவர் எழுந்தார். "பணம் கொடுத்தது அப்பா. பையன் என்ன கொடுத்தான்?" என்று கேட்டார். யாரும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு மாவ்ஷியும் அவர் மகளும், பையனும் அவன் அம்மாவும், அந்த ஆசிரியையும், மொழிபெயர்க்க நானுமாக கிளப் ஹவுஸில் உட்கார்ந்தோம். மாவ்ஷியிடம் ஆசிரியை முன்கூட்டியே தனியாகப் போய், "வர இஷ்டமா, வேண்டாமா, யாரும் கட்டாயப்படுத்த மாட்டோம்" என்று கேட்டுவிட்டு வந்திருந்தார்.

மாவ்ஷி முதலில் கேட்டது, "இடிச்சது சரி, ஏன் நிக்கல?" பையனுக்கு மராத்தி பள்ளிக்கூடத்தில் பாடம். நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "திட்டுவாங்கன்னு பயந்துட்டேன்" என்றான். "நான் செத்துட்டேனான்னு கூடப் பாக்கல நீ" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு கணக்குச் சொல்வதைப் போலச் சொன்னார். பையன் அழுதுவிட்டான்.

அப்புறம் ஆசிரியை, "உங்களுக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க" என்றார். அப்போதுதான் எங்களுக்கெல்லாம் தெரியவந்தது. மாவ்ஷி நாலு வீட்டில் வேலை செய்தவர். கை கட்டோடு இருந்ததில் இரண்டு வீட்டில் வேறு ஆளை வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி பில் பெரிய விஷயமே இல்லை, போனது பாதி மாத வருமானம். பதினைந்து பேர் கமிட்டியில் உட்கார்ந்து பேசியும் இது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் கேட்டதில்லை.

முடிவானது இதுதான். கட்டுப் பிரிக்கும் வரை அந்த இரண்டு வீட்டுச் சம்பளத்தைப் பையன் வீட்டில் கொடுப்பது. அதில் ஒரு பங்கு அவன் கிரிக்கெட் கோச்சிங் பணத்திலிருந்து. பையன் தன் அம்மாவோடு அந்த இரண்டு வீட்டுக்கும் போய், "மாவ்ஷி வராததுக்குக் காரணம் நான்தான்" என்று சொல்வது. போனான். ஒரு வீட்டில் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில் மறுத்துவிட்டார்கள். அந்த வீட்டு வருமானம் போனது போனதுதான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை.

அவன் அம்மா அன்று மாலை என் மனைவியிடம் சொன்னாராம்: "அக்கா, அவன் அப்பா ரெண்டு அடி போட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். அந்த வீட்டு வாசல்ல பெல் அடிச்சுட்டு நின்னானே, அதைத்தான் என்னால பாக்க முடியல."

*

இதைச் சொன்னதும் நண்பர் ஒருவர் மடக்கினார். "சார், இதுக்குப் பேர்தான் எங்க ஊர்ல கட்டப்பஞ்சாயத்து."

நியாயமான கேள்வி. நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் வலியவன் சொன்னதே தீர்ப்பு. எளியவன் "சமாதானம்" ஆக வேண்டும், ஆகாவிட்டால் ஊரில் இருக்க முடியாது. எங்கள் கிளப் ஹவுஸிலும் அந்த நிழல் இருந்தது. போலீஸுக்குப் போக வேண்டுமா என்று மாவ்ஷியிடம் கேட்டபோது வேண்டாம் என்றார். நாலு வீட்டுச் சம்பளத்தை நம்பி இருப்பவர் "வேண்டும்" என்று சொல்வது அவ்வளவு சுலபமா?

நாங்குநேரியை நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் பிளஸ் டூ படித்த ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் புகார் சொன்னதுதான் அவன் செய்த ஒரே குற்றம். வெட்டியவர்களும் சிறார்கள். அங்கே போய் "எல்லாரும் வட்டமா உட்கார்ந்து பேசுங்க" என்று சொல்ல நமக்கு வாய் வருமா? அந்தப் பையன்களின் கையில் அரிவாளுக்கு முன்னால் ஜாதிக் கயிற்றைக் கட்டிவிட்டது பெரியவர்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், கையில் கயிறு கட்டுவதைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களிலிருந்து ஜாதியை எடுப்பது எல்லாம் பரிந்துரைகள். அதாவது, பையன்களை மட்டும் திருத்தினால் போதாது என்கிறது.

ஆகவே சில காவல்கள் வேண்டும் என்று நினைக்கிறேன். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மட்டுமே சந்திப்பு. நடுவில் இருப்பவர் இரண்டு பக்கத்துக்கும் கடன்படாதவராக, பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். பையன் ஒப்புக்கொண்ட பிறகுதான் பேச்சு. வாரியமும் கோர்ட்டும் பின்னால் இருக்க வேண்டும், அவற்றுக்குப் பதிலாக இது வரக்கூடாது. பெங்களூரில் என்ஃபோல்ட் போன்ற அமைப்புகள் இந்த முறையைச் சிறார்களிடம் கொண்டுபோக உழைக்கின்றன. சட்டம் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை.

போர்ஷே வழக்கில் இது நடக்குமா? மகனை இழந்த, மகளை இழந்த பெற்றோர் அந்தப் பையனைப் பார்க்கவே விரும்பமாட்டார்கள் என்றால், அது முழுக்க அவர்கள் உரிமை. மன்னிப்பு அவர்கள் யாருக்கும் தர வேண்டிய பாக்கி இல்லை. ஆனால் "நீங்கள் அவனிடம் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்று ஒருவராவது அதிகாரபூர்வமாக அவர்களிடம் கேட்கும் ஏற்பாடு ஒரு நாட்டில் இருக்கத்தான் வேண்டும். பசு மணி அடித்த பிறகு பசுவிடம் வந்து கேட்பது என்று அதைச் சொல்லலாம்.

*

கடைசியாக, வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு.

புனே ஸ்கூட்டர் ஊர். டியூஷனுக்கு வண்டியில் போகாத பிள்ளையே இல்லை என்பது போலத்தான் தெரியும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். சிறார் ஓட்டிக் குற்றம் நடந்தால், வண்டியின் உரிமையாளருக்கோ பெற்றோருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தாத்தா பாட்டி, மாமா சித்தப்பா என்று கண்டிக்க நாலு பேர் பக்கத்தில் இல்லாத ஊரில் சாவியை எங்கே மாட்டுகிறோம் என்பதை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாவியைவிட இன்னொன்று முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. என்றைக்காவது நம் பிள்ளை நடுராத்திரி போன் பண்ணி, "அப்பா, ஒருத்தர் மேல இடிச்சுட்டேன்" என்று சொன்னால் நம் வாயிலிருந்து முதலில் என்ன வரும்? "யாராவது பார்த்தாங்களா?" என்றா? "நீ அங்கேருந்து கிளம்பு, நான் பாத்துக்கறேன்" என்றா? இதை என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கேட்டேன். என் பெண் பதினொன்றாவது படிக்கிறாள். "நீ என்னப்பா சொல்லுவே?" என்று திருப்பிக் கேட்டாள்.

"அவங்களுக்கு எப்படி இருக்கு, ஆம்புலன்ஸ் கூப்பிட்டியான்னு கேப்பேன். அங்கேயே இரு, வந்துட்டிருக்கேன்னு சொல்லுவேன்" என்றேன்.

உங்கள் வீட்டிலும் இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டுப் பாருங்கள்.